கணு இடைவெளியைக் குறைத்தால் விசை ஏன் சரிகிறது?

வணக்கம். கார்பன் இழை–எபாக்சி தகட்டின் ஒட்டுப்பிரிவை (அடுக்குகள் பிரிவதை), டிசிபி சோதனையை (தகட்டின் ஒரு முனையில் பிரிந்த இரு கைகளையும் விலக்கி இழுத்து விரிசலைத் திறக்கும் சோதனை) மாதிரியாக வைத்து, பெரிடைனமிக்ஸில் (பொருளைக் கணுக்களாகவும் அவற்றை இணைக்கும் பிணைப்புகளாகவும் பார்க்கும் கணிப்பு முறை) பிணைப்பு அடிப்படையிலான முப்பரிமாண மாதிரியாக ஓட்டுகிறேன். கணு இடைவெளி 0.2 மி.மீ. இருந்தபோது உச்ச விசை சோதனையோடு ஒத்துப்போனது. 0.1 ஆக்கியதும் 30 சதவீதம் இறங்கிவிட்டது. விரிசலும் சில இடங்களில் கைக்குள் ஏறுகிறது. மென்பொருளில் பிழையா?
– ஓர் ஆய்வு மாணவி

வணக்கம்.

மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டாம். 30 சதவீதம் என்ற எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஹொரைசனை, அதாவது ஒரு கணு மற்ற கணுக்களோடு பிணையும் தூரத்தை, வழக்கம்போல இடைவெளியின் மூன்று மடங்காக வைத்திருப்பீர்கள். அது 0.6-லிருந்து 0.3 ஆகியிருக்கும், முறிவு நீட்சி (எவ்வளவு நீண்டால் பிணைப்பு அறும் என்ற எல்லை) மட்டும் பழையபடியே நின்றிருக்கும். நீட்சி மாறாதபோது முறிவு ஆற்றல் (விரிசல் ஓர் அலகுப் பரப்பு வளரத் தேவையான ஆற்றல்) ஹொரைசனுக்கு நேர்விகிதம். அது பாதியாகிவிட்டது. டிசிபியில் விசை முறிவு ஆற்றலின் வர்க்கமூலத்தோடு போகும், எனவே 0.71 மடங்கு.

உங்கள் மாதிரிக்கு முறிவு நீட்சி இப்படி: முறிவு ஆற்றலை 5-ஆல் பெருக்கி, பருமக் குணகம், ஹொரைசன், 9 ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். பிசினின் யங் குணகம் 3,500 மெகாபாஸ்கல் என்றால், இம்மாதிரி கட்டாயப்படுத்தும் 0.25 பாய்சான் விகிதத்தில் பருமக் குணகம் 2,333 வரும். முறிவு ஆற்றல் மி.மீ.க்கு 0.3 நியூட்டன் என்றால், 0.6 ஹொரைசனுக்கு நீட்சி 0.0109, 0.3-க்கு 0.0154. குணகம், இடைமுகத்தைத் தாண்டும் பிணைப்புகளுக்கு நீங்கள் உண்மையில் கொடுத்த விறைப்புக்குரியதாக இருக்கட்டும். இழைத்திசை விறைப்பு அங்கே புகுந்தால் கணக்கு மொத்தமும் கெடும்.

விரிசல் கைக்குள் ஏறுவது, எல்லாப் பிணைப்புக்கும் ஒரே நீட்சி கொடுத்ததால் இருக்கலாம். கணக்கிட்ட மதிப்பை இடைமுகப் பிணைப்புகளுக்கு மட்டும் கொடுங்கள். கைகளுக்குள் முறிவை அணைத்துவிடுங்கள். எல்லா அடுக்கும் ஒரே திசையில் இருக்கும் தகட்டுக்கு இது நியாயமான எளிமையாக்கம். குறுக்கு அடுக்குகள் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், விரிசல் அங்கே உண்மையிலேயே அடுக்கு மாறும்.

தொடக்க விரிசலின் தளம் இரு கணு வரிசைகளுக்கு நடுவே விழ வேண்டும். கணுக்கள் மேலேயே விழுந்தால் எந்தப் பிணைப்பை வெட்டுவது என்பது கடைசித் தசமத்தைப் பொறுத்த விஷயமாகிவிடும். கைகளின் தடிப்பில் கணுக்கள் குறைவாக இருந்தாலும் சிக்கல்தான்: மேற்பரப்புக் கணுக்களுக்குப் பாதிப் பிணைப்பு இல்லை, கை தேவைக்கு மேல் வளையும். மேற்பரப்புத் திருத்தம் போட்டு, விரிசல் நகரும் முன் விசை–இடப்பெயர்ச்சிக் கோட்டின் சரிவைக் கைச்சட்டச் (ஒரு முனை பொருத்திய உத்தரம்) சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

வெளிப்படைக் காலப்படியில் (ஒவ்வொரு சிறு காலப்படியையும் முந்தைய நிலையிலிருந்து நேரடியாகக் கணிக்கும் முறை) ஓட்டினால் இயக்க ஆற்றலையும் பாருங்கள். திரிபு ஆற்றலில் அது சில சதவீதத்தைத் தாண்டினால் இழுக்கும் வேகத்தைக் குறையுங்கள்.

ஒன்று முக்கியம். ஒற்றை நீட்சி அளவுகோலுக்குத் திறப்பும் சறுக்கலும் ஒன்றே. டிசிபி பொருந்திய கையோடு அதே மதிப்பை இஎன்எஃப் சோதனைக்கு (தகட்டை வளைத்து, சறுக்கலால் விரிசலை வளர்க்கும் சோதனை) போடாதீர்கள். சறுக்கல் முறிவு ஆற்றல் பொதுவாக அதிகம். பிணைப்பின் இடப்பெயர்ச்சியை இடைமுகத்துக்குச் செங்குத்தாகவும் இணையாகவும் பிரித்து, இரண்டுக்கும் தனி எல்லை வையுங்கள்.