ஏஜென்ட் தப்பான டூலை எடுக்கிறதா? டூல் விளக்கம் பற்றிய கேள்வி பதில்

ஏஐ ஏஜென்ட் என்பது கேள்வியைப் புரிந்துகொண்டு தானே வேலையைச் செய்யும் நிரல், டூல் என்பது அந்த வேலைக்கு அது அழைக்கும் கோடு. அந்த டூல்களுக்கு விளக்கம் எழுதுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். எல்லாவற்றுக்கும் ஓர் ஆன்லைன் துணிக்கடையின் வாடிக்கையாளர் சேவை ஏஜென்ட்டையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

கேள்வி: மேடம், கோடில் பிழையே இல்லை. ஆனாலும் பார்சல் எங்கே என்று கேட்டால் ஏஜென்ட் 'கெட் ஆர்டர்' டூலை அழைக்கிறது. விளக்கத்தில் "ஆர்டர் விவரம் தரும்" என்று போட்டிருக்கிறேன்.

அந்த ஒரு வரிதான் பிரச்சினை. உங்கள் கோடு மாடலின் (ஏஜென்ட்டுக்குள் முடிவெடுக்கும் மொழி மாடல்) கண்ணில் படாது. டூலின் பெயர், விளக்கம், உள்ளீடுகளைச் சொல்லும் ஜேசன் ஸ்கீமா, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். பார்சல் இருக்கும் இடமும் ஆர்டர் விவரம்தானே என்று அது எடுத்துக்கொள்கிறது. இப்படி மாற்றிப் பாருங்கள்:

"ஆர்டர் எண்ணைக் கொடுத்தால் அதில் உள்ள பொருள்கள், மொத்தத் தொகை, பணம் கட்டிய நிலை ஆகியவற்றைத் தரும். ஆர்டர் எண் கையில் இருந்தால் மட்டும் அழைக்கவும். போன் நம்பர் மட்டும் தெரிந்தால் முதலில் 'சர்ச் ஆர்டர்ஸ்'. பார்சல் இருக்கும் இடம் இதில் வராது, அதற்கு 'ட்ராக் ஷிப்மென்ட்'. 2 ஆண்டுக்கு முந்தைய ஆர்டர்கள் கிடைக்காது."

இதில் அதிகம் வேலை செய்வது நான்காவது வாக்கியம். என்ன செய்யும் என்பதை எல்லோரும் எழுதிவிடுகிறோம், என்ன செய்யாது என்பதை விட்டுவிடுகிறோம். பக்கத்து டூலின் பெயரைச் சொல்லி எல்லை பிரித்தால்தான் குழப்பம் தீரும். ஒரு டூலுக்குக் குறைந்தது 3, 4 வாக்கியமாவது எழுதுங்கள் என்று ஆந்த்ரோபிக்கின் வழிகாட்டியும் சொல்கிறது.

கேள்வி: ரீஃபண்ட் டூலில் 500 ரூபாய் கொடுக்கச் சொன்னால் 5 ரூபாய்தான் போகிறது.

ஸ்ட்ரைப், ரேசர்பே போன்ற பணப் பரிமாற்றச் சேவைகளின் ஏபிஐ (வெளி நிரல்கள் அவற்றோடு பேசும் வழி) தொகையைப் பைசாவில் வாங்கும். உங்கள் ஸ்கீமாவில் வெறுமனே 'அமவுண்ட்' என்று இருப்பதால் மாடல் 500 என்று அனுப்புகிறது, அது 500 பைசாவாகிவிடுகிறது. பெயரையே 'அமவுண்ட் இன் பைசா' என்று மாற்றி, முழு எண் மட்டும் என்று வகையைக் கட்டி, "500 ரூபாய் என்றால் 50000" என்று எடுத்துக்காட்டும் கொடுத்தால் சரியாகும்.

அதைவிட நல்ல வழி, ரூபாயிலேயே வாங்கிக்கொண்டு கோடில் 100-ஆல் பெருக்குவது. கணக்கை மாடலிடம் விடாதீர்கள். பெருக்கியதும் ரவுண்ட் செய்ய வேண்டும். ஃப்ளோட்டில் (தசம எண்களைத் தோராயமாகச் சேமிக்கும் வகை) 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் 1998.99... என்றுதான் வரும், தசமத்தை வெட்டினால் ஒரு பைசா போய்விடும். கட்டிய தொகைக்கு மேல் ரீஃபண்ட் போகாமல் தடுப்பதும் சர்வரின் வேலை. விளக்கத்தில் எழுதிவைப்பது அதற்குப் பூட்டு ஆகாது.

தேதியிலும் இதே கதைதான். 05-06-2025 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? ஆண்டு-மாதம்-நாள் என்று வரிசையைச் சொல்லி, 2025-06-05 என்று காட்டுங்கள். எந்த நேர மண்டலம் என்பதும் வேண்டும். சர்வர் யூடிசியில் (நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) ஓடினால், நம் நேரப்படி நள்ளிரவு முதல் காலை 5:30 வரை வந்த ஆர்டர்கள் முந்தைய நாள் கணக்கில் போய்விடும்.

கேள்வி: வாடிக்கையாளர் சொல்லாத ஆர்டர் எண்ணை ஏஜென்ட் தானாக இட்டுக்கட்டுகிறது. ஏன்?

அந்த உள்ளீடு கட்டாயம் என்று ஸ்கீமா சொல்கிறது, இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. "தெரியாவிட்டால் வாடிக்கையாளரிடம் கேட்கவும், ஊகிக்க வேண்டாம்" என்று அந்த உள்ளீட்டின் விளக்கத்திலேயே சேருங்கள்.

கேள்வி: அக்கா, விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம், மாடலுக்குப் புரியும். ஆனால் மாடல் எழுத்தை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும். அப்படி வெட்டும் பெரும்பாலான டோக்கனைசர்களில் அதே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் கூடுதல் டோக்கன் பிடிக்கும், ஒவ்வொரு அழைப்பிலும் அது செலவு. விளக்கத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, நம் மக்கள் பேசும் சொற்களை மட்டும் தமிழில் சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. "'காசு திரும்பி வரல', 'பணம் ஏறல' என்றால் ரீஃபண்ட் நிலையைப் பார்க்கவும்" என்பதுபோல. டேட்டாபேஸில் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏஜென்ட் 'முருகன்' என்று தமிழில் தேடிவிட்டு, அப்படி ஒரு வாடிக்கையாளரே இல்லை என்று பதில் சொல்லும்.

கேள்வி: என்னிடம் 45 டூல் இருக்கிறது. அதிகமா?

அதிகம்தான். ஒரு நேரத்தில் 20-க்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது ஓபன்ஏஐயின் பரிந்துரை. எப்போதும் அடுத்தடுத்து அழைக்கப்படும் டூல்களை ஒன்றாக்குங்கள். அதற்காக 'ஆக்‌ஷன்' என்று ஓர் உள்ளீடு வைத்து 12 வேலையை ஒரே டூலில் திணிக்காதீர்கள், அதற்குத் தெளிவான விளக்கம் எழுதவே முடியாது.

கேள்வி: டூல் "எரர் 400" என்று சொன்னதும் ஏஜென்ட் அதே அழைப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறது.

எரர் செய்தியையும் மாடல்தான் படிக்கிறது, அதனால் அதுவும் விளக்கத்தின் ஒரு பகுதியே. "ஆர்டர் எண் 8 இலக்கம் இருக்க வேண்டும், வந்தது 6 இலக்கம். வாடிக்கையாளரிடம் சரிபார்க்கவும்" என்று அனுப்புங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் சர்வர் பதில் தரவில்லை என்பதையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் வெற்றுப் பட்டியலைத் திருப்பினால், ஏஜென்ட் "உங்களுக்கு ஆர்டரே இல்லை" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடும். எம்சிபி (டூல்களை ஏஜென்ட்டோடு இணைக்கும் பொது நெறிமுறை) பயன்படுத்தினால், டூல் ஓடும்போது வரும் பிழையை 'இஸ் எரர்' கொடியுடன் டூல் முடிவாகவே திருப்புங்கள், அப்போதுதான் அது மாடலிடம் போய்ச் சேரும்.

கேள்வி: வெளியார் எழுதிய எம்சிபி சர்வரை அப்படியே இணைக்கலாமா?

ஒவ்வொரு டூலின் விளக்கத்தையும் முழுக்கப் படிக்காமல் வேண்டாம். அதற்குள் மறைவாகக் கட்டளை எழுதியிருந்தால் உங்கள் ஏஜென்ட் அதையும் கேட்டுவிடக்கூடும். 'படிக்க மட்டும்' என்ற குறிப்பு இருப்பதையும் நம்பிவிடாதீர்கள், அது சர்வர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது.

கேள்வி: விளக்கம் தேறிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உண்மையான வாடிக்கையாளர் கேள்விகள் 30 எடுங்கள். அதில் 10, இந்த டூலை அழைக்கவே கூடாத கேள்விகளாக இருக்கட்டும். எந்த டூல், என்ன உள்ளீட்டோடு அழைக்கப்பட்டது என்று பதிவு செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். "கண்டிப்பாக", "எப்போதும்" என்று அழுத்தி எழுதியிருந்தால் அந்த 10 கேள்விகளில்தான் முதலில் அடி விழும், தேவையில்லாத இடத்திலும் டூல் ஓடும். அங்கே அழுத்தத்தைக் குறைத்து, எப்போது அழைக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுதுங்கள்.