சம்இஃப் ஏன் பூஜ்யம் காட்டுகிறது? எக்ஸெல் கேள்வி பதில்

இந்த முறை சம்இஃப், சம்இஃப்ஸ் கேள்விகள் மட்டும். கொடுத்த நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் ஃபார்முலாக்கள் இவை. கேட்டவர்களில் பலர் ஃபார்முலாவையே அழித்து அழித்து எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் அதன்மேல் குற்றமில்லை. வில்லங்கம் செல்லுக்குள் இருக்கிறது.

வங்கி இணையதளத்தில் இறக்கிய ஸ்டேட்மென்ட். "வாடகை" என்ற வரிகளைக் கூட்டினால் 0 வருகிறது. கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. (அலுவலக உதவியாளர், சேலம்)

கண்ணை நம்பாதீர்கள். முதலில் தொகையைச் சோதியுங்கள். காலியான ஒரு செல்லில் =இஸ்நம்பர்(சி2) என்று போடுங்கள். ஃபால்ஸ் என்று வந்தால் அந்தத் தொகை எண்ணே இல்லை, எண் மாதிரி தெரிகிற எழுத்து. சம்இஃப் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். செல் ஃபார்மட்டை நம்பர் என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பது அதனால் மாறாது. பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், வேறெதையும் தொடாமல் ஃபினிஷ் கொடுங்கள். பெரும்பாலும் அதிலேயே எண்ணாகிவிடும்.

தொகை சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் "வாடகை" மேல். எழுத்துக்குறிகளை எண்ணிச் சொல்லும் =லென்(பி2) போட்டால் 5 வர வேண்டும் (வ, துணைக்கால், ட, க, ஐகாரக் குறி). 6 வந்தால் கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருக்கிறது. வேண்டாத ஸ்பேஸை நீக்கும் ட்ரிம் போட்டும் 6 ஆகவே இருந்தால் அது சாதா ஸ்பேஸ் இல்லை. இணையப் பக்கங்களில் வரும் 160ஆம் எண் ஸ்பேஸ். ட்ரிம் அதைத் தொடாது. =ட்ரிம்(சப்ஸ்டிட்யூட்(பி2,கேர்(160)," ")) போட்டால் போய்விடும். தொகைப் பத்தியிலும் இதே ஆசாமி ஒளிந்திருப்பதுண்டு. அங்கே டெக்ஸ்ட் டு காலம்ஸ் உதவவில்லை என்றால், இந்த ஃபார்முலாவை, எழுத்தை எண்ணாக்கும் வேல்யூவுக்குள் போட்டு எடுங்கள்.

பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறோம். கௌரி என்பவரின் கூலி மட்டும் பாதிதான் வருகிறது. ஸ்பேஸ் எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன். (மகளிர் குழுப் பொறுப்பாளர், தஞ்சாவூர்)

லென் போட்டுப் பாருங்கள். சில வரிகளில் 4, சில வரிகளில் 5 என்று வரும். "கௌரி" என்பதில் ஔகாரக் குறி ஒரே எழுத்துக்குறி. வேறு யாரோ அதையே கொம்பு போட்டு, க போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி "கெளரி" என்று அடித்திருக்கிறார். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். எக்ஸெலுக்கு இவர்கள் இரண்டு பேர். சௌந்தர்யா, மௌனிகா என்று இந்தக் குறி வருகிற பெயர் எல்லாவற்றிலும் இந்தத் தொல்லை உண்டு.

கண்ட்ரோல்+ஹெச்சில் (தேடி மாற்றும் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் கட்டம்) "கெளரி" என்ற முழுப் பெயரையும் கொடுத்து மாற்றுங்கள். "கெள" என்று மட்டும் கொடுத்து மொத்தமாக மாற்றாதீர்கள். மீன்கடைக் கணக்கும் அதே ஷீட்டில் இருந்தால் கெளுத்தி உருக்குலைந்துவிடும். நிரந்தரத் தீர்வு என்றால் ஆளுக்கொரு குறியீட்டு எண் கொடுத்து அதை வைத்துக் கூட்டுவதுதான். பெயரை வைத்துக் கூட்டும் பழக்கம் எந்த மொழியிலும் ஒருநாள் காலை வாரும்.

ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை. அளவு வாரியாகக் கூட்டுகிறேன். 10*8 பேனர் விற்பனை உண்மையைவிட அதிகமாக வருகிறது. (திருப்பூர்)

நிபந்தனையில் நட்சத்திரக் குறி வந்தால் "இந்த இடத்தில் என்ன இருந்தாலும் சரி" என்று பொருள். ஆக, 10இல் தொடங்கி 8இல் முடிகிற எல்லாமே சேர்கிறது. 10*18 பேனரும் அதில் அடக்கம். அளவு ஈ2இல் இருந்தால், நிபந்தனையாகச் சப்ஸ்டிட்யூட்(ஈ2,"*","~*") என்று கொடுங்கள். நெளிகோடு முன்னால் நின்றால் நட்சத்திரம் வெறும் நட்சத்திரம்தான்.

பத்தி முழுக்க நட்சத்திரத்தை எடுத்துவிட்டு × குறி போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. ஆனால் ஃபைண்ட் கட்டத்தில் ~* என்றே தட்டுங்கள். வெறும் * கொடுத்து ரீப்ளேஸ் ஆல் அழுத்தினால் எல்லா அளவும் அழிந்து செல்லுக்கு ஒரு × மட்டும் மிஞ்சும்.

ஏப்ரல் விற்பனைக்கு ">=ஈ1", "<=ஈ2" என்று நிபந்தனை கொடுத்தேன். 0 வருகிறது. (மருந்துக்கடை, நாகர்கோவில்)

இது ஃபார்முலாவின் பிழையேதான். மேற்கோளுக்குள் ஈ1 என்று எழுதினால் செல்லில் உள்ள தேதியை எடுக்காது. ">="&ஈ1 என்று குறியை மட்டும் மேற்கோளுக்குள் வையுங்கள்.

அதற்குப் பிறகும் 30ஆம் தேதி விற்பனை விட்டுப்போகலாம். பில்லிங் மென்பொருள் தேதியோடு நேரத்தையும் பதிந்தால், மாலை 6.40 பில் 30-04 என்பதைவிடப் பெரியது. வெறும் தேதி என்றால் அது நள்ளிரவு 12 மணி. "<"&ஈ2+1 என்று கொடுத்தால் அன்றைய நாள் முழுவதும் அடங்கும்.

சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) திறந்த கணினியில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் கூத்து வேறு: 05/04 மே 4 ஆகிவிடும், 13/04 எழுத்தாகவே நிற்கும். விண்டோஸ் பிராந்திய அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிவிட்டு கோப்பை மறுபடி திறங்கள்.

16 இலக்கக் கணக்கு எண்கள் இரண்டு. கடைசி இலக்கம் மட்டும் வேறு. டெக்ஸ்டாக வைத்தும் ஒன்றாகக் கூட்டுகிறது.

சம்இஃப் அவற்றை எண்ணாகப் பாவித்து 15 இலக்கம் வரைதான் ஒப்பிடும். கணக்கு எண்கள் ஏ பத்தியிலும் தொகை சி பத்தியிலும் தேடும் எண் ஈ2இலும் இருந்தால், =சம்ப்ராடக்ட்((ஏ2:ஏ500=ஈ2)*சி2:சி500) போடுங்கள்.

சம்இஃப், சம்இஃப்ஸ், எதைப் பழகுவது?

சம்இஃப்ஸ். கூட்டும் பத்தி அதில் முதலில் வரும், ஒன்றுக்கு மேற்பட்ட நிபந்தனையும் கொடுக்கலாம். ஏ2:ஏ100க்கு ஜோடியாகத் தவறுதலாக சி1:சி99 கொடுத்தாலும் சி1:சி50 கொடுத்தாலும் சம்இஃப் வாய் திறக்காமல் ஏதோ ஒரு விடை தரும். சம்இஃப்ஸ் குறைந்தது அளவு பொருந்தாதபோதாவது #வேல்யூ! என்று கத்தும்.

மஞ்சள் அடித்த பில்களை மட்டும் கூட்ட முடியுமா?

நிறம் சம்இஃப்ஸுக்குத் தெரியாது. அவசரத்துக்கு நிறத்தால் ஃபில்டர் செய்து, ஃபில்டரில் தெரிகிற வரிகளை மட்டும் கூட்டும் =சப்டோட்டல்(9,சி2:சி500) போட்டுக்கொள்ளுங்கள். எதற்காக மஞ்சள் அடித்தீர்களோ, அதைப் பக்கத்துப் பத்தியில் "பாக்கி" என்று எழுதிவிட்டால் அப்புறம் ஃபில்டரே வேண்டாம்.