இங்கிலீஷ் கன்ட்ரி பூட்ஸ்: 500 பவுண்டு எதற்கு?

கேள்வி: யார்க்‌ஷயரில் வேலை. ஞாயிறுதோறும் வயல்வெளிப் பாதைகளில் நடக்கிறேன். கணுக்காலுக்கு மேல் ஏறும், துளைத் துளையாய் வேலைப்பாடு செய்த பழுப்பு கன்ட்ரி பூட்ஸ் வாங்க ஆசை. ஷூவுக்குப் பேர்போன ஊரான நார்தாம்ப்டனில் செய்த ஜோடி 500 பவுண்டைத் தாண்டுகிறது. அச்சு அசல் அதே போல் இன்னொன்று 110 பவுண்டுக்குக் கிடைக்கிறது. எங்கே வித்தியாசம்? (லீட்ஸ் வாசகர்)

பதில்: மேல்தோலும் சோலும் சேரும் விளிம்பில். வேலைப்பாட்டைப் பார்த்து விலையை எடை போடாதீர்கள். அந்தத் துளைகள் அயர்லாந்து, ஸ்காட்லாந்துச் சதுப்பு நிலங்களில் தண்ணீர் வடிவதற்காக வந்தவை என்பார்கள். இன்றைய பூட்ஸில் அவற்றுக்குப் பின்னால் உள்தோல் முழுசாக மூடியிருக்கும். வெறும் அலங்காரம்.

நல்ல ஜோடியில் உள்ளடித்தோலின் கீழ்ப்பக்கம் ஒரு வரம்பு எழும்பி நிற்கும். மேல்தோல், உள்தோல், வெல்ட் என்னும் நீண்ட தோல் பட்டை, இவற்றை அந்த வரம்போடு சேர்த்து ஒரு தையல். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெல்ட்டோடு சோலைச் சேர்த்து இன்னொரு தையல். நடுவில் விழும் பள்ளத்தைக் கார்க் கொண்டு நிரப்புகிறார்கள். நாளாக ஆக அது உங்கள் பாதத்தின் வடிவத்துக்கு அமுங்கிக்கொடுக்கும். சோல் தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் அறுத்துப் புது சோல் போடலாம், மேல்தோலைத் தொடவே வேண்டியதில்லை. இதற்குப் பெயர் குட்இயர் வெல்ட். டயர் கம்பெனி செய்த வேலை அல்ல. 1870களில் இந்தத் தையலை இயந்திரத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் ஜூனியர். நார்தாம்ப்டன் பக்கத்து ஆலைகளில் ஒரு ஜோடி முடிய 8 வாரம்கூட ஆகும்.

கன்ட்ரி பூட்ஸுக்கென்று தனிச் சங்கதிகளும் உண்டு. ஆபீஸ் ஷூவில் வெல்ட் பெரும்பாலும் ஹீல் வரை வந்து நின்றுவிடும். இதில் பின்பக்கமும் சேர்த்து முழுச் சுற்று ஓடும். வெல்ட்டின் உள்விளிம்பு ஒரு சின்ன வரப்பு போல எழும்பி மேல்தோலை ஒட்டி நிற்கும். இதுதான் ஸ்டார்ம் வெல்ட், தையல் இடுக்கில் தண்ணீர் இறங்காமல் தடுப்பது. லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் இரு பக்கமும் மடிப்பு விட்டு மேல்தோலோடு தைத்திருந்தால் லேஸ் வழியாகவும் ஈரம் உள்ளே வராது. 1829இல் தொடங்கிய ட்ரிக்கர்ஸ் கம்பெனியின் ஸ்டோ பூட்ஸ் இந்த ஜாதிக்கு நல்ல உதாரணம். கடையில் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள், கனமே ஆளை அசத்தும்.

110 பவுண்டு ஜோடியைப் பார்க்காமலே மட்டம் என்று சொல்ல மாட்டேன். அந்த விலையிலும் உண்மையான வெல்ட் வருகிறது. ஜோடியைக் கவிழ்த்துப் பாருங்கள். வெல்ட்டின் மேல் தெரிகிற தையல், அடியிலும் சோலின் ஓரத்துப் பள்ளத்தில் ஓட வேண்டும். மேலே தையல் இருந்து அடியில் ஒன்றுமே இல்லை என்றாலோ, ரப்பரிலேயே தையல் போல அச்சு வார்த்திருந்தாலோ, பசை போட்டு ஒட்டிய வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு ஹீல் பக்கத்து வெல்ட்டில், மற்றக் காலைப் பார்த்திருக்கும் ஓரமாக விரலை ஓட்டுங்கள். பட்டையின் இரு முனையும் சந்திக்கும் இணைப்பு அங்கே தட்டுப்படும். சில ஜோடிகளில் அடித்தையலை மறைத்து மூடியிருப்பார்கள். அப்போது ஒரே கேள்வி போதும்: “இதை ஆலைக்கு அனுப்பி சோல் மாற்ற முடியுமா?” கடைக்காரர் மழுப்பினால் இறங்கி வந்துவிடுங்கள்.

கேள்வி: மழையில் போட்டால் நனையாதா? எந்த சோல் நல்லது? (அதே வாசகர்)

பதில்: நனையும். தோலும் தையலும் உள்ள எதுவும் ரப்பர் பூட்ஸ் ஆகிவிடாது. ஈரப் புல்லில் மணிக்கணக்காக நடப்பவர் என்றால் வெல்ட்ஸ்கூன் கட்டுமானத்தைத் தேடலாம். அதில் வெளித்தோலை உள்ளே மடிக்காமல் வெளிப்பக்கம் விரித்து வெல்ட்டின் மேலேயே தைப்பார்கள். வழிகிற தண்ணீர் விளிம்புக்கு வெளியே போய்விடும். விலை கூடும், கிடைப்பதும் குறைவு. வாரத்துக்கு ஒரு நாள் நடைக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

சோலில் மட்டும் தயக்கமே வேண்டாம், டெய்னைட் வாங்குங்கள். லெஸ்டர்‌ஷயரின் மார்க்கெட் ஹார்பரோவில் செய்யும் ரப்பர் சோல் அது. அடியில் வட்ட வட்டக் குமிழ்கள் இருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் மெல்லியதாகவே தெரியும். இரட்டைத் தோல் சோல் பார்க்க அழகுதான், யார்க்‌ஷயர் சேற்றில் வழுக்கும். நனைந்து வந்தால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கம் வைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும். உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். காய்ந்ததும் வெல்ட் இடுக்கிலிருக்கும் மண்ணைப் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். பலர் மறப்பது அதைத்தான்.

கேள்வி: இந்தியாவில் தைத்த வெல்ட் பூட்ஸ் தரம் குறைந்ததா? (வாணியம்பாடி வாசகர்)

பதில்: ஊரை வைத்துத் தரம் சொல்ல முடியாது. ஆம்பூரில் ஏற்றுமதிக்கு குட்இயர் வெல்ட் ஷூக்கள் தைக்கிறார்கள். மேல்பாகத்தை இந்தியாவில் தைத்து, சோலை இங்கிலாந்தில் சேர்க்கும் வழக்கமும் உண்டு. இந்தத் தொடர்பு நேற்று வந்ததல்ல. மதராஸ் மாகாணத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்பாகத்துக்குப் பெருமளவில் கப்பலேறியது. மேலே சொன்ன சோதனைகளை இதற்கும் செய்யுங்கள், தேறினால் தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: அளவு எப்படிப் பார்ப்பது? விலை குறைய வழி உண்டா? (லெஸ்டர் வாசகி)

பதில்: தடித்த காலுறையோடு, சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். கன்ட்ரி பூட்ஸ் செய்யும் கால் வடிவ அச்சு பெரும்பாலும் தாராளமானது. வழக்கமான அளவிலிருந்து அரை எண் குறைத்தும் போட்டுப் பார்க்க வேண்டும். அகலத்தைக் காட்டும் எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்பி இணையத்தில் வாங்காதீர்கள். புது சோல் விறைப்பாக இருப்பதால் குதிகால் லேசாக எழும்பும், அது சரியாகிவிடும். விரல்கள் நெரிந்தால் சரியாகாது.

விலைக்கு வழி, ஆலைக் கடைகள். நார்தாம்ப்டனில் ட்ரிக்கர்ஸ், க்ராக்கெட் அண்ட் ஜோன்ஸ், டெஸ்பரோவில் ஜோசப் சீனி (Cheaney) ஆகிய கம்பெனிகள் சிறு குறையுள்ள ஜோடிகளை விலை குறைத்து விற்பதுண்டு. நிறத்தில் சின்ன வேறுபாடு, மேல்தோலில் ஒரு கீறல் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு மழைக்காலம் போனால் உங்கள் பூட்ஸிலும் அது வந்துவிடும். வெல்ட் தையல் விட்டிருந்தாலோ, இரண்டு பூட்ஸும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை என்றாலோ, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.