கணினி கேள்வி-பதில்: பட்டனை அமுக்கிவிட்டு டீக்கடைக்குப் போகிறவர்களுக்கு

கேள்வி: அண்ணாச்சி, சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்கிறோம். விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். காலையில் பட்டனை அமுக்கிவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துத் திரும்பினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'ஃபார்மட் போட்டால்தான் சரியாகும்' என்கிறார்கள். வேறு வழி உண்டா?
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: ஃபார்மட் போட, அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்ற, அவசரப்படாதீர்கள். மேலப்பாளையத்துக்காரருக்குக் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைச் சொன்னால் போதும். ரயில் போய்விட்டது, கேட்டும் திறந்தாயிற்று. ஆனால் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்ற ஆட்டோவும் பைக்கும் ஒரே நேரத்தில் மூக்கை நுழைக்க, ஒருத்தரும் நகர முடியாது. உங்கள் கடையில் தினமும் காலையில் அதுதான் நடக்கிறது. விண்டோஸ் வந்து நிற்கிறது. பிரிண்டரோடு வந்த உதவிச் செயலி, என்றோ ஒரு மீட்டிங்குக்காக இறக்கிய வீடியோ அழைப்புச் செயலி, யாரோ ஒரு பையன் போட்டுவைத்த பாட்டுச் செயலி என்று பத்துப் பன்னிரண்டு பேர் அதன் பின்னாலேயே ஏறுகிறார்கள். இவர்களை யார் கூப்பிட்டது? நாம்தான். நிறுவும்போது படிக்காமலே 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டினோமே, அப்போது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வெறும் சின்னப் பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீட்டெயில்ஸ்' என்பதைத் தட்டிவிட்டு, மேலே 'ஸ்டார்ட்அப்' பக்கத்துக்குப் போங்கள். வேண்டாததன் மேல் ரைட் கிளிக், 'டிசேபிள்'. அந்தச் செயலி அழிந்துவிடாது. தானாக எழுந்து வருவது மட்டும் நின்றுவிடும். ஐகானைத் தட்டினால் வழக்கம்போல வரும். மனம் மாறினால் அதே இடத்தில் 'எனேபிள்'.

பக்கத்தில் 'ஸ்டார்ட்அப் இம்பேக்ட்' என்று ஒரு வரிசை இருக்கும். அதில் 'ஹை' என்று பார்த்ததும் பதற வேண்டாம். தொடங்கும்போது பிராசசரை 1 விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டாலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ 'ஹை' என்று போட்டுவிடும். வைரஸ் என்று அர்த்தமில்லை.

எதை நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம். நான் பட்டதைச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவரின் கடை. உங்களைப் போலவே பத்திரிகை வேலை. ஒரு ராத்திரி போய் உட்கார்ந்து, பட்டியலில் இருந்த அத்தனையையும் வரிசையாக டிசேபிள் செய்துவிட்டு வந்தேன். கணினி சிட்டாகப் பறந்தது. மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போன். "என்னவே பண்ணி வச்சிருக்கீரு? தமிழே வர மாட்டேங்குது!" ஆவணி முகூர்த்த நேரம், மாப்பிள்ளை வீட்டார் கடையில் காத்திருக்கிறார்கள், இவர் தட்டத் தட்ட ஆங்கில எழுத்தாக விழுகிறது. தமிழ்த் தட்டச்சு மென்பொருளையும் சேர்த்து நிறுத்தியிருந்தேன்! அதன் ஐகானை ஒருமுறை திறந்தாலே போதும். அவருக்கும் தெரியவில்லை, அந்தப் பதற்றத்தில் எனக்கும் தோன்றவில்லை. டவுனிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அன்றிலிருந்து நான் பார்ப்பது ஒன்றுதான்: கடை திறந்த முதல் பத்து நிமிடத்தில் இது இல்லாமல் வேலை ஓடுமா? ஓடும் என்றால் டிசேபிள். என்.எச்.எம். ரைட்டர், அழகி, இ-கலப்பை மாதிரி நீங்கள் எதில் தட்டச்சு செய்கிறீர்களோ அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டி, வேறு ஆன்டிவைரஸ், ஒலி சம்பந்தப்பட்டவை, கைரேகைக் கருவியின் பெயரில் இருப்பவை, எல்லாம் அப்படியே கிடக்கட்டும். ஃபைல்களை இணையத்தில் சேமிக்கும் ஒன்டிரைவில் உங்கள் ஃபைல்கள் ஏறிக்கொண்டிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். நிறுத்தினால் நீங்களாகத் திறக்கும்வரை புது ஃபைல் எதுவும் மேலே போகாது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் நிறுத்தாமல் இருந்தால், ஏதாவது கோளாறு வந்தாலும் எதனால் என்று தெரியும்.

அப்புறம், இதை மறைக்கக் கூடாது: உள்ளே சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், இத்தனையும் செய்தபின் டீ பாதி கிளாஸோடு முடியும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கிற வேகமான டிஸ்க், மாற்றுவதுதான் பெரிய வித்தியாசம். பத்திரிகை சீசன் முடிந்ததும் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: அரிசி மில் கணக்குக்கு இன்னும் விண்டோஸ் 7 கணினிதான். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்று ஒன்றையே காணோம்.
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இருக்காது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் அங்கே கொண்டுவந்தார்கள். நீங்கள் விண்டோஸ் கீயோடு 'ஆர்' எழுத்தை அமுக்கி, வருகிற பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். அங்கே உள்ள ஸ்டார்ட்அப் பக்கத்தில் வேண்டாததற்கு டிக் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பக்கத்திலேயே 'பூட்', 'சர்வீசஸ்' என்று இரண்டு பக்கங்கள் இருக்கும். அங்கே கை வைத்துவிட்டு என்னைத் தேடாதீர்கள். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. மில் கணக்கை வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

கேள்வி: நிறுத்தியது மறுபடி மறுபடி வந்து நிற்கிறதே, சார்? பட்டியலில் 'புரோகிராம்' என்று வெறும் பெயரோடு ஒன்றும் இருக்கிறது. பயமாக இருக்கிறது.
— கல்லூரி மாணவி, வள்ளியூர்

பதில்: சில செயலிகள் அப்டேட் ஆனதும் தங்கள் பெயரைத் தாங்களே திரும்ப எழுதிக்கொள்ளும். அந்தச் செயலியைத் திறந்து, அதன் செட்டிங்ஸிலேயே 'கணினி தொடங்கும்போது திற' என்ற பொருளில் இருப்பதை அணைத்துவிடுங்கள், அடங்கிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்', அதில் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' போய்ப் பாருங்கள். முன்பு திறந்திருந்த செயலிகளை மறுபடி திறக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள்.

படமும் இல்லாமல், வெளியிட்டவர் பெயரும் இல்லாமல் 'புரோகிராம்' என்று நிற்பது பெரும்பாலும் எப்போதோ நீக்கிய மென்பொருளின் மிச்சம். பட்டியலின் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'கமாண்ட் லைன்' என்பதை டிக் செய்யுங்கள். அது எந்த ஃபோல்டரைத் தேடுகிறது என்று காட்டும். நீங்கள் முன்பு நீக்கிய மென்பொருளின் பெயர் அதில் தெரிந்தால் டிசேபிள் செய்துவிட்டுப் படிக்கப் போகலாம். கேள்விப்படாத பெயராக இருந்தால் அதையும் டிசேபிள் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஃபுல் ஸ்கேன்' ஓடவிடுங்கள். நேரம் பிடிக்கும், ராத்திரி சாப்பிடப் போகும்போது போடுங்கள்.