வாசகர் கேள்வி – பதில்: கடைசி ஆளை எடை போடுவது எப்படி?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் பால்டிமோர் ரேவன்ஸ் அணி 2022 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) கைல் ஹாமில்டனை எடுத்தபோது "வேகம் போதாது, சேஃப்டிக்கு லாயக்கில்லை" என்று சொன்ன அதே வாய்கள் இப்போது அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகின்றன. ஒரு இளம் சேஃப்டியின் பலம், பலவீனத்தை முன்கூட்டியே கணிக்க வழியே கிடையாதா? – மேரிலாந்து வாசகர்

பதில்: வழி இருக்கிறது. ஸ்டாப்வாட்ச்சை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். சேஃப்டி என்பவர் தடுப்பு அணியின் பின்வரிசையில் நிற்கிற கடைசி ஆள், அவரையும் தாண்டிவிட்டால் எதிரணிக்கு வழி திறந்துவிடும்.

ஹாமில்டன் கதையையே எடுத்துக்கொள்வோம். நோட்ர டேம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபோது 6 அடி 4 அங்குலம், 220 பவுண்டு. சேஃப்டிகள் நடுவில் நின்றால் பனைமரம். முதல் ஐந்து இடத்துக்குள் போய்விடுவார் என்றுகூடப் பேசினார்கள். பிறகு தேர்வு முகாமில் 40 யார்டை 4.59 விநாடியில் ஓடினார், பேச்சு மாறிவிட்டது, கடைசியில் 14ஆவது ஆளாகப் போனார். 4.59 மெதுவா என்றால், பந்து பிடிக்க ஓடுகிற ரிசீவரோடு ஒட்டியே ஓட வேண்டிய கார்னர்பேக்குக்கு மெதுதான். சேஃப்டிக்கு அது பாதிக் கேள்வி. ஆட்டத்தில் அவரைப் பார்த்து யாரும் விசில் ஊதி "ஓடு" என்று சொல்லப்போவதில்லை, எப்போது கிளம்புவது என்பதை அவர் கண்தான் முடிவு செய்கிறது. அரை விநாடி முன்னால் கிளம்பியவருக்கு 4.59 தாராளம். அரை விநாடி தயங்கியவர் 4.35இல் ஓடினாலும் ரிசீவரின் முதுகில் இருக்கும் எண்ணைப் படித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

அப்புறம் 2022 செப்டம்பர் 18, மயாமி டால்ஃபின்ஸ் ஆட்டம். கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது ரேவன்ஸ் 35–14 என்று முன்னால் இருந்தது. அதற்குப் பிறகு மயாமியின் அதிவேக ரிசீவர் டைரீக் ஹில் 48 யார்டில் ஒன்று, 60 யார்டில் ஒன்று என்று இரண்டு டச்டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) பிடித்தார், மயாமி 42–38இல் ஜெயித்தது. பின்வரிசையில் யார் யாரைப் பிடிப்பது என்ற குழப்பம். தன் இரண்டாவது ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருந்த ஹாமில்டன் பெயரும் அதில் அடிபட்டது. உடனே "நாங்கள் அப்பவே சொன்னோமே, வேகம் இல்லை" என்று கிளம்பிவிட்டார்கள். எனக்கு அது வேகப் பிரச்சினையாகவே படவில்லை. ஹில்லைத் துரத்தினால் லீக்கில் எவரும் மெதுதான். ஒரு பின்வரிசையே யாருடைய பொறுப்பு எது என்று தெரியாமல் நின்ற இடத்தில், ஒரு பையனின் கால் வேகத்தை அளந்து என்ன பயன்?

இளம் சேஃப்டி செய்கிற தவறுகளை நான் இரண்டு கூடையில் போடுவேன். ஒன்று கண் தவறு: பந்தை எறிகிற குவார்ட்டர்பேக், பந்தைச் சுமந்து ஓடுகிற ரன்னிங் பேக்கிடம் அதைக் கொடுப்பதுபோல் பாவனை காட்டினால் நம்பி இரண்டு எட்டு முன்னால் வந்துவிடுவது, குவார்ட்டர்பேக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நழுவுகிற ரிசீவரை மறந்துவிடுவது, பக்கத்து ஆளிடம் "இவன் உன்னுடையவன்" என்று கத்தாமல் விட்டுவிடுவது. இன்னொன்று உடம்புத் தவறு: பின்னோக்கி ஓடிவிட்டுத் திரும்ப வேண்டிய நேரத்தில் இடுப்பு உடனே திரும்பாமல் ஒரு எட்டு கூடுதலாகப் போவது, முழு வேகத்தில் வந்துவிட்டுப் பிரேக் பிடிக்க முடியாமல் ஆளைத் தாண்டிப் போய்விடுவது. முதல் கூடை இரண்டு சீசனில் பெரும்பாலும் காலியாகிவிடும். இரண்டாவது கூடையை ஆள் ஓய்வு பெறும்வரை கூடவே சுமப்பார், நல்ல கோச் அதை மறைக்கத்தான் முடியும்.

ஹாமில்டனிடம் இரண்டாவது கூடையில் ஒன்று உண்டு. உயரமான ஆள், அதனால் இடுப்பும் உயரத்தில் இருக்கிறது. சட்டென்று திசை வெட்டுகிற குட்டி ரிசீவரை அவர் தனியாகப் பிடித்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அப்போதைய தடுப்பாட்டப் பயிற்சியாளர் மைக் மெக்டொனால்டு அவரை ஆழத்திலேயே நிறுத்தி வைக்காமல் பந்து வைக்கப்படுகிற கோட்டுக்குப் பக்கத்தில், ஸ்லாட்டில் (ஓரத்து ரிசீவருக்கு உள்பக்கம் இருக்கிற இடம்) கொண்டுவந்து நிறுத்தினார். அங்கே அந்த நீளமான கைகள் சொத்து. 2023இல் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் ஆட்டத்தில் மட்டும் மூன்று சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது), அந்த சீசனில் நான்கு இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பிடித்துக்கொள்வது), ஆல்-ப்ரோ என்ற லீக்கின் சிறந்தவர்கள் பட்டியலில் முதல் அணியில் இடம். சரி, அப்படியென்றால் ஆழத்தில் நிற்கத் தெரியாதவரா? 2024இல் ரேவன்ஸின் பாஸ் தடுப்பு ஓட்டைப் பானையாக இருந்தது, சீசன் பாதியில் அவரைப் பின்னால் நகர்த்தினார்கள், ஒழுகல் நின்றது. அவர் ஒருவரால் மட்டும் நின்றது என்று சொல்ல மாட்டேன், ஆனால் "பின்னால் நிற்க முடியாது" என்ற பேச்சு அதோடு போய்விட்டது. 2025 ஆகஸ்டில் நான்கு ஆண்டுக்கு 10 கோடியே 4 லட்சம் டாலர் கொடுத்து அணி தக்கவைத்துக்கொண்டது.

இதற்கு நேர் எதிர்க் கதை ஜமால் ஆடம்ஸ். 2017இல் நியூயார்க் ஜெட்ஸ் 6ஆவது இடத்தில் எடுத்தது, 2020இல் சியாட்டில் சீஹாக்ஸ் டிராஃப்டில் தனக்கிருந்த இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் இன்னும் சிலவற்றையும் கொடுத்து வாங்கியது. அந்த வருடம் 12 ஆட்டத்தில் 9.5 சாக், பின்வரிசை ஆட்டக்காரருக்கு ஒரு சீசனில் அதுவே சாதனை. அடுத்த வருடம்? பூஜ்யம். காயங்கள் வேறு விடாமல் துரத்தின, அது அவர் தவறில்லை. ஆனால் பாஸ் தடுப்பில் தனியாக விட்டால் தடுமாறுவார் என்பது நியூயார்க்கிலேயே தெரிந்த விஷயம், சாக் எண்ணிக்கை கண்ணை மறைத்துவிட்டது. பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது) அனுப்பினால் மட்டும் மின்னுகிறவரை வாங்கும்போது, பிளிட்ஸ் அனுப்பாத மீதி ஆட்டம் முழுக்க அவர் என்ன செய்வார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, 2024 மார்ச்சில் விடுவித்தார்கள்.

கேள்வி: டிவியில் சேஃப்டியே தெரிவதில்லையே, பிறகு எப்படிப் பார்த்துக் கற்றுக்கொள்வது? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: நியாயமான புலம்பல். கேமரா பந்தின் பின்னால் போகிறது, சேஃப்டி திரைக்கு வெளியே 15 யார்டு தள்ளி நிற்கிறார். அவர் திரைக்குள் ஓடி வருகிறார் என்றாலே ஏதோ நல்லது நடந்திருக்கிறது, அல்லது வீடு தீப்பற்றியிருக்கிறது. இதனாலேயே டிவி பார்த்து சேஃப்டியை மதிப்பிடுகிறவர்கள் எல்லாருக்கும் அவர் ஒன்று ஹீரோ, இல்லாவிட்டால் வில்லன்.

ஆல்-22 என்று ஒரு படம் உண்டு. 22 பேரும் தெரிகிற மாதிரி உயரத்திலிருந்து எடுத்தது, என்எஃப்எல் சந்தாதாரர்களுக்குக் கிடைக்கிறது. அதில் பந்தைப் பார்க்காதீர்கள். சேஃப்டியின் முதல் இரண்டு எட்டை மட்டும் பாருங்கள், நிறுத்தி நிறுத்தி. பந்து ஸ்னாப் ஆனதும் (குவார்ட்டர்பேக்கின் கைக்குப் போனதும்) முன்னால் வருகிறாரா, பின்னால் போகிறாரா, நின்று படிக்கிறாரா? பத்து ஆட்டம் அப்படிப் பார்த்தால் அவர் புத்தகம் திறந்துவிடும்.

கல்லூரிப் படம் பார்க்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் அகலம் இரண்டு இடத்திலும் 160 அடிதான், ஆனால் ஒவ்வொரு முறையும் பந்தை எந்த அகலத்துக்குள் வைத்துத் தொடங்க வேண்டும் என்று காட்டுகிற ஹேஷ் கோடுகளின் இடைவெளி கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஹேஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, இன்னொரு பக்கம் 100 அடி. ஆபத்து எந்தப் பக்கம் என்று மைதானமே சேஃப்டிக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். என்எஃப்எல்லில் அதே கணக்கு ஏறக்குறைய 71, 89. இரண்டு பக்கமும் ஆபத்து. கல்லூரியில் எப்போதும் சரியான இடத்தில் நின்ற பையன் முதல் வருடம் ஏன் திருதிருவென்று முழிக்கிறான் என்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: அதிக இன்டர்செப்ஷன் பிடிப்பவர்தானே நல்ல சேஃப்டி?

பதில்: பல வருடமாகப் பிடித்தால் ஆமாம். ரேவன்ஸின் பழைய சேஃப்டி எட் ரீட் தன் வாழ்க்கையில் 64 பிடித்தார், அதை அதிர்ஷ்டம் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு சீசனை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். டெட்ராய்ட் லயன்ஸின் பிரையன் பிராஞ்ச் 2023இல் தன் முதல் ஆட்டத்திலேயே கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிராக ஒன்றைப் பிடித்து 50 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். அந்தப் பந்து ரிசீவரின் கையில் பட்டுத் தெறித்து வந்தது! அதிர்ஷ்டமா? தெறித்தது அதிர்ஷ்டம், தெறித்த இடத்தில் பிராஞ்ச் நின்றது அதிர்ஷ்டமில்லை. ஒரு பையனைப் பார்க்கும்போது எத்தனை பிடித்தான் என்பதைவிட, பந்து வந்து விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் எத்தனை தடவை இருந்தான் என்று எண்ணுங்கள். பிராஞ்சின் சக ஆட்டக்காரர் கெர்பி ஜோசப் 2024இல் 9 பிடித்து லீக்கிலேயே முதலில் நின்றார், அவரை 2022இல் மூன்றாம் சுற்றின் கடைசிப் பகுதியில், 97ஆவதாக எடுத்தார்கள். எண்ணிக்கைக்காக அலைந்து இடத்தை விட்டு ஓடுகிறவரும் உண்டு. அவர் பிடிக்கிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு டச்டவுன் ஒளிந்திருக்கும்.

கேள்வி: சேஃப்டி என்றால் ஆளா, 2 புள்ளியா? என் மனைவி கேட்கிறார்.

பதில்: இரண்டும்தான். பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்ட் சோனில் (மைதானத்தின் கடைசிப் பகுதி) வீழ்த்தினால் தடுப்பு அணிக்குக் கிடைக்கிற 2 புள்ளிக்கும் சேஃப்டி என்றே பெயர். மனைவி கேட்கிறார் என்பதை மட்டும் நம்ப மாட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பள்ளி அணியில் இந்த வருடம்தான் ரிசீவரிலிருந்து சேஃப்டிக்கு மாற்றினார்கள். போன ஆட்டத்தில் மூன்று டேக்கிள் (பந்து வைத்திருப்பவனைப் பிடித்து வீழ்த்துவது) தவறவிட்டான். கோச் "நல்ல உடம்பு, ஆனால் தாமதமாக வருகிறான்" என்கிறார். இவனுக்கு இது ஒத்துவருமா? – ஒஹையோ வாசகி

பதில்: "தாமதம்" என்ற வார்த்தையைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது எந்தக் கூடை என்று கோச் சொல்லவில்லை. ரிசீவராக இருந்தவனுக்கு எங்கே போக வேண்டும் என்பது முன்பே தெரியும், சேஃப்டிக்கு அது தெரியாது. ஒரு வருடமாவது அந்தத் தயக்கம் இருக்கத்தான் செய்யும்.

மூன்று டேக்கிளைப் பொறுத்தவரை, இந்த வயதுப் பையன்கள் பெரும்பாலும் கையால் தவறவிடுவதில்லை, காலால் தவறவிடுகிறார்கள். பந்து வைத்திருப்பவன் இப்போது நிற்கிற இடத்தைக் குறிவைத்து ஓடுகிறார்கள், இவன் அங்கே போய்ச் சேரும்போது அவன் அங்கே இல்லை. அதைத் திருத்துகிறேன் என்று கூடுதலாக முன்னால் ஓடினால் அவன் உள்பக்கமாக வெட்டிவிடுவான். கொஞ்சம் உள்பக்கமாகவே வந்து, எல்லைக் கோட்டை இன்னொரு ஆளாகப் பாவித்து அவனை அந்தப் பக்கம் நெருக்க வேண்டும். கண் அவன் இடுப்பில் இருக்க வேண்டும், தலையும் தோளும் ஏமாற்றும். தன் தலையைக் குனிந்துகொண்டு மோதுகிறானா என்று மட்டும் உடனே கவனியுங்கள். அது திறமைக் கணக்கு இல்லை, கழுத்துக் கணக்கு.

அடுத்த ஆட்டத்தில் எண்ட் சோன் பக்கம் மேல் வரிசையில் போய் உட்கார்ந்து, பந்தை விட்டுவிட்டு உங்கள் பையனை மட்டும் போனில் எடுங்கள். முதல் எட்டு தப்பான பக்கம் போகிறது என்றால் கண் பிரச்சினை, இன்னும் இரண்டு வருடம் கையில் இருக்கிறது, கவலை வேண்டாம். முதல் எட்டு சரியாக இருந்தும் கடைசியில் தாமதமாகிறது என்றால், கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாமா என்று கோச்சிடம் கேளுங்கள், பெரிய உடம்புக்காரப் பையன்கள் அங்கே நன்றாக ஆடுவதுண்டு. அந்த மூன்று டேக்கிள் வீடியோவை மட்டும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அவனோடு உட்கார்ந்து பார்க்காதீர்கள், அதற்குத்தான் கோச் இருக்கிறாரே.