தலைமகளின் காசுமாலை

அன்புள்ள அக்கா,

கிரேக்கத்தின் கார்ப்பதோஸ் தீவில் ஒலிம்போஸ் என்ற மலைக் கிராமத்தைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை படித்தேன். அங்கே தாயின் வீடும் நிலமும் மகளுக்குத்தான் போகுமாம். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவாராம். நாம் பின்பற்ற வேண்டிய ஊர் அல்லவா?
கவிதா

அன்புள்ள கவிதா,

நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அந்தச் சொத்து மூத்த மகளுக்கு மட்டும். தாய்வழிச் சொத்து முழுவதும் தலைமகளுக்கு, தந்தைவழிச் சொத்து முழுவதும் தலைமகனுக்கு. தலைமகளுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயர், தலைமகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர். கல்யாணமும் பெரும்பாலும் ஒரு வீட்டுத் தலைமகளுக்கும் இன்னொரு வீட்டுத் தலைமகனுக்கும்தான்.

இதற்குக் காரணம் மண். கடற்கொள்ளையருக்குப் பயந்து மலைமுகட்டில் ஏறிக் குடியேறியவர்கள் அவர்கள். சரிவில் கல் அடுக்கிக் கட்டிய குறுகிய வயல்கள், ஓயாத காற்று, மழையை நம்பிய கோதுமையும் பார்லியும். கொஞ்சம் நல்ல நிலம் வடக்கே அவ்லோனாவில் இருந்தது. விதைப்புக்கும் அறுவடைக்கும் குடும்பத்தோடு அங்கே போய்த் தங்குவார்கள். இந்த நிலத்தை நாலு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒருவருக்கும் வயிறு நிறையாது. அதனால் பிரிக்கவே இல்லை.

சரி, மற்றப் பிள்ளைகள்? இளைய மகன்கள் கப்பலேறிப் பிழைக்கப் போனார்கள். இளைய மகள்களுக்கு அந்த வழியும் குறைவு. பலர் கல்யாணமே ஆகாமல் அக்காவின் வயலில் வேலை செய்து, அக்கா பிள்ளைகளை வளர்த்து, அக்கா வீட்டிலேயே காலத்தைக் கழித்தார்கள். கூலி கிடையாது. திருவிழாவில் தலைமகள் கழுத்து நிறையத் தங்கக் காசுமாலை போட்டு ஆடும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தப் படங்களில் அவள் தங்கச்சியைத்தான் தேடத் தோன்றுகிறது. பெண் பெயரில் வீடு இருந்தது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் உரிமைக்கு அவள் கூடப்பிறந்தவள் விலை கொடுத்த ஏற்பாட்டை முன்மாதிரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் காலம் மாறியது. கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்துக்கும் அமெரிக்காவின் பால்டிமோருக்கும் போன இளையவர்கள் கையில் காசு புரண்டது. பெருமையாகக் காத்த வயல்களின் மதிப்பு சரிந்தது. ஊரில் யார் பெரியவர், யார் சின்னவர் என்ற கணக்கே தலைகீழானது. பிரெஞ்சு மானுடவியலாளர் பெர்னார் வெர்னியே இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மகளுக்குக் கல்யாணத்தின்போது சொத்து எழுதிக் கொடுக்கும் வரதட்சணை முறையையே 1983இல் கிரேக்கம் சட்டத்திலிருந்து நீக்கியது.

போக நினைத்தால் ஆகஸ்ட் 15, மாதா திருநாளையொட்டிப் போங்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் குடும்பங்கள் அப்போதுதான் ஊருக்கு வரும். வயதான பெண்கள் யாராவது பேசக் கிடைத்தால், அவர்கள் வீட்டில் எத்தனையாவது பெண் என்று கேளுங்கள்.