ஒரு கொப்பியை மேசையில் வையுங்கள்: ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலை மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவு வகுப்புகளிலேயே 31 ஆண்டுகள் நின்றவள் நான். கடைசிப் பதினொரு ஆண்டுகளில் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு சிறு ஆசிரியர் வட்டத்துக்கென்றே ஒதுங்கியது. வாசிப்பு, எழுத்து பற்றியும் இப்படியான வட்டங்கள் பற்றியும் வந்த கேள்விகளுக்கு, என் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து: டீச்சர், தரம் 1 முதல் 3 வரை கற்பிக்கும் நாங்கள் நால்வர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். படிவங்கள், சம்பளம், பெற்றோர் மீதான குறை என்று பேசிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பிள்ளையின் கொப்பியிலிருந்து தொடங்குங்கள். எங்கள் வட்டமும் முதல் ஆண்டு இப்படித்தான் தள்ளாடியது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின், பாதைக்காக, அதாவது ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்காக, காத்து நிற்கும் தொல்லை தீர்ந்து, அக்கரை ஆசிரியர்களும் நகரத்துக்கு எளிதாக வந்துபோனார்கள். ஆள் சேர்ந்தது, பேச்சு சேரவில்லை. ஆளுக்கொரு வண்ண அட்டை கொண்டுவந்து காட்டுவோம், பாராட்டுவோம், தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவோம்.

ஒரு சனிக்கிழமை ஒருவர் தயங்கித் தயங்கி, தரம் 2 பிள்ளை ஒருத்தியின் சொல்வதெழுதல் கொப்பியை எடுத்து வைத்தார். ‘தேன்’ என்ற சொல்லுக்கு அவள் முதலில் ‘த’ எழுதி, அதன் வலப்பக்கத்தில் இரட்டைக் கொம்பைப் போட்டு, பிறகு ‘ன்’ எழுதியிருந்தாள். ‘பெட்டி’, ‘மேளம்’ எல்லாவற்றிலும் அதே பிழை. நாங்கள் எல்லோரும் ஆண்டுக்கணக்காகச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் ‘கவனம்’ என்று எழுதிவந்த பிழைதான் அது. அன்று ஒருவர் கேட்டார்: “இவள் எந்த ஒழுங்கில் எழுதியிருக்கிறாள்?” காதில் விழுந்த ஒழுங்கில்! ‘தே’ என்று சொல்லும்போது முன்னால் ஒலிப்பது ‘த்’, பின்னால் வருவது ‘ஏ’. தாளில் மட்டும் கொம்பு முந்திக்கொள்கிறது. ‘தொ’ என்றால் ஒரே ஒலிக்கு இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் அரவு. அவளுடைய செவி சரியாகவே வேலை செய்திருக்கிறது. ‘ஒலி பின்னால், கொம்பு முன்னால்’ என்பதை நாங்கள்தான் ஒரு பிள்ளைக்கும் வாய்திறந்து சொல்லித் தந்திருக்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு ஒருவர் மட்டும் ஒரு கொப்பி கொண்டுவரட்டும். நன்றாக எழுதும் பிள்ளையின் கொப்பி வேண்டாம், உங்களைக் குழப்பும் பிள்ளையின் கொப்பி வேண்டும். முதல் பத்து நிமிடம் பேசாமல் பாருங்கள். அதன்பின் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். ‘சோம்பேறிப் பிள்ளை’, ‘வீட்டில் கவனிப்பில்லை’ என்பவை தாளில் எங்கும் இல்லை. ‘நான்கு இடங்களில் நெடிலுக்குக் குறில் எழுதியிருக்கிறான்’ என்பது தாளில் இருக்கிறது. இந்த ஒரு கட்டுப்பாட்டைக் காத்தால் குறை பேசும் பழக்கம் தானாக ஓய்ந்துவிடும். கலையும் முன், எல்லோரும் இரண்டு வாரம் செய்து பார்க்க ஒரேயொரு முயற்சியை முடிவு செய்யுங்கள். அடுத்த மாதம் அதே பிள்ளையின் கொப்பி திரும்பவும் மேசைக்கு வரவேண்டும். வராவிட்டால் முன்பு பேசியதெல்லாம் வீண்.

நிலாவெளியிலிருந்து: என் தரம் 2 பிள்ளைகள் 247 எழுத்தையும் ஒப்புவிக்கிறார்கள். ஆனால் புதிய சொல்லைக் காட்டினால் விழிக்கிறார்கள்.

அவர்கள் பாட்டுப் பாடுகிறார்கள், வாசிக்கவில்லை. சோதித்துப் பாருங்கள்: ‘பீமு’, ‘டாரே’, ‘நோசி’ என்று பொருளற்ற சொற்களை எழுதிக் காட்டுங்கள். நினைவிலிருந்து சொல்ல முடியாத சொல்லை வாசித்தால்தான் எழுத்து உண்மையில் கைவந்திருக்கிறது.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்ற கணக்கை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் செலவிடுகிறோம். அது தேவையில்லை. அரவு (ா), விசிறி (ி, ீ), கொம்பு (ெ, ே) ஆகியவை ‘டி’, ‘டீ’ போன்ற சில இடங்கள் தவிர எங்கும் ஒரே மாதிரி ஒட்டும்; பத்து எழுத்தில் பழகிய பிள்ளை மீதியைத் தானே ஊகிக்கும். உகர, ஊகார வரிசைகள்தான் வடிவம் மாறி மாறி வருகின்றன. கு, சு, மு, து ஆகியவற்றை அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள், புரியும். 18 மெய்யும் இரண்டு உயிரும் சேர்ந்த அந்த 36 எழுத்துகளுக்குத்தான் தனியாக வாரங்களை ஒதுக்கவேண்டும். அதை விட்டுவிட்டு, எந்தப் பாடநூல் சொல்லிலும் பிள்ளை காணாத ‘ஙௌ’வை எழுதவைத்துக் கை வலிக்கச் செய்கிறோமே!

இன்னொன்று: நான்கைந்து எழுத்து தெரிந்தவுடனேயே சொல்லாக்கத் தொடங்குங்கள். ‘ப’, ‘ட’, ‘ம்’ தெரிந்தால் ‘படம்’ வந்துவிடும். நெடுங்கணக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் தரம் 2 முடிந்துவிடும்.

மூதூரிலிருந்து: என் வகுப்பில் சரளமாக வாசிக்கிறார்கள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் மௌனம்.

1986 இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கலாக விளக்கினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியை விளங்கும் திறனையும் பெருக்கினால் வருவது வாசித்து விளங்குதல். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். உங்கள் பிள்ளைகளுக்கு முதலாவது இருக்கிறது. இரண்டாவதை வளர்க்க, பாடநூலைவிடக் கடினமான கதைகளை நீங்கள் உரக்க வாசித்துக் காட்டவேண்டும், தினமும், தரம் 4 வரைக்கும்.

பாடநூலின் தமிழ் அவர்கள் வீட்டுத் தமிழ் அன்று என்பதையும் மறக்கவேண்டாம். வீட்டில் ‘ஆணம்’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகத்தில் ‘குழம்பு’ என்று வந்தால் அது புதுச்சொல். ‘ஆணம்’ பிழை என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். இரண்டையும் பலகையில் அருகருகே எழுதுங்கள். மூதூர், கிண்ணியா, வெருகல், நகரம் என்று ஊர் ஊராகச் சொல் மாறுவதால், இத்தகைய சொற்பட்டியலைச் சேர்ந்து தொகுப்பதே வட்டத்துக்கு நல்ல முதல் வேலை.

ஈச்சிலம்பற்றிலிருந்து: சிறிய பாடசாலை. தரம் 1, 2 இரண்டுக்கும் நான் ஒருவன்தான். வட்டம் அமைக்க எனக்கு யார் இருக்கிறார்கள்?

தம்பி, அருகிலுள்ள பாடசாலையில் ஒரேயொருவர் போதும். பிள்ளை ஒரு நிமிடம் வாசிப்பதைக் கைத்தொலைபேசியில் குரலாக மட்டும் பதிவு செய்து அனுப்புங்கள். பெயரும் முகமும் வேண்டாம், பெற்றோரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே தடுக்கிறது என்பதை இருவரும் தனித்தனியாகக் குறித்து, பிறகு ஒப்பிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்குக் காலை வணக்கம் அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். ஆண்டில் மூன்று தடவையாவது தவணை விடுமுறையில் நேரில் சந்தித்துவிடுங்கள். குரலோடு மட்டும் வளரும் நட்பு நெடுநாள் தாங்குவதை நான் கண்டதில்லை.

உப்புவெளியிலிருந்து: இன்னொருவர் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் எனக்குக் கை நடுங்குகிறது. மேற்பார்வைக்கு வந்தவர்கள் எல்லோரும் குறை எழுதிவிட்டே போயிருக்கிறார்கள்.

எனக்கும் நடுங்கியிருக்கிறது, மகள். யப்பானிய ஆசிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாகச் செய்துவரும் பாட ஆய்வு முறை எங்களுக்கு இதற்கு வழி காட்டியது. ஒரு பாடத்தை நான்கைந்து பேர் சேர்ந்து திட்டமிடுகிறார்கள். ஒருவர் கற்பிக்க, மற்றவர்கள் பார்க்கிறார்கள். பாடம் எல்லோருடையதும் ஆகையால், தவறினால் எல்லோருடைய திட்டமும் தவறியது என்றே பொருள்.

பார்ப்பவர்கள் ஆசிரியரைப் பார்க்கக்கூடாது. ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு, அவர்களுடைய கையையும் வாயையும் மட்டும் கவனித்து எழுதவேண்டும். நான் ‘அருமையாகப் போனது’ என்று நினைத்த பாடமொன்றில், பின்வரிசைச் சிறுவன் இருபது நிமிடமும் அடுத்தவன் கொப்பியைப் பார்த்தே எழுதியதை ஒரு தோழி குறித்துத் தந்தார். முன்னால் நின்ற எனக்கு அது தெரியவே வாய்ப்பில்லை. முதலில் நீங்கள் நம்பும் ஒருவரை மட்டும் அழையுங்கள்.

நகரத்திலிருந்து: ந, ன, ண மயக்கத்துக்கு விரைவான வழி உண்டா?

உண்டு. சொல்லின் தொடக்கத்தில் ‘ந’ மட்டுமே வரும். நடுவில் த-வுக்கு முன் ‘ந்’, ட-வுக்கு முன் ‘ண்’, ற-வுக்கு முன் ‘ன்’: பந்து, வண்டு, கன்று. பெரும்பாலான பிழை இதிலேயே போய்விடும். மீதி, வாசித்து வாசித்துக் கண்ணில் பதியவேண்டியது.

பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டவர்: புலமைப்பரிசில் வகுப்பெடுக்கும் சக ஆசிரியை தன் பயிற்சித் தாள்களைப் பூட்டி வைக்கிறார். பகிர்வு எப்படி நடக்கும்?

இதே கசப்பை நானும் விழுங்கியிருக்கிறேன். ஒரு பாடசாலையில், நான் கேட்ட தாளை எனக்கு முன்னாலேயே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். தரம் 5 பரீட்சையின் வெட்டுப்புள்ளியை வைத்து ஆசிரியரை அளக்கும் ஊரில் அவர் பயப்படுவது இயல்பு. அவரிடம் தாளைக் கேட்காதீர்கள். அவருடைய வகுப்பில் இன்னும் வாசிக்க முடியாத பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களைப் பற்றிக் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளால் அவருக்கு வெற்றியும் இல்லை, மறைக்க எதுவும் இல்லை, ஆனால் மனச்சுமை இருக்கிறது. எங்கள் வட்டத்தின் மிக உறுதியான உறுப்பினர் ஒருவர் இந்த வாசல் வழியாகத்தான் வந்தார். உங்கள் தாள்களை நீங்கள் கேளாமலே கொடுங்கள். திரும்பி எதுவும் வராத காலம் ஓராண்டுகூட நீளலாம்.

கந்தளாயிலிருந்து: எங்கள் பக்கத்தில் சிங்கள மொழிமூல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்ப்பதால் பயன் உண்டா, அல்லது நேரம் விரயமா?

அழையுங்கள்! சிங்கள எழுத்திலும் ‘கொம்புவ’ உண்டு, அதுவும் எழுத்துக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒலியில் பின்னால் வருகிறது. எங்கள் வட்டத்துக்கு ஒருமுறை வந்த சிங்கள ஆசிரியை ஒருவர், ‘தேன்’ எழுதிய அந்தப் பழைய கொப்பியின் பக்கத்தைக் கண்டதும், எதுவும் கேளாமல் விரலை நேரே அந்தக் கொம்பில் வைத்துச் சிரித்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். மொழிபெயர்க்க ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள், கூட்டத்துக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள், அவர்களையும் ஆளுக்கொரு கொப்பியோடு வரச்சொல்லுங்கள்.